தட்டினால் வந்த முதலை

கழியின் அடிப்பக்கத்தால் படகுப் பலகையில் மூன்று முறை தட்டிவிட்டு, சோற்றுப் பானையைத் தேய்க்கக் குனிந்தேன். எதிர்க்கரை மணலில் கிடந்த மரக்கட்டை ஒன்று தண்ணீரில் இறங்கியது.

கட்டைக்கு ஏது கால்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நல்ல உச்சி வெயில், பங்குனிக் கடைசி. கொள்ளிடம் எங்கும் மணலாகக் கிடக்க, நாங்கள் படகு கட்டியிருந்த மடுவில் மட்டும் தண்ணீர் பச்சையாக நின்றது. அந்தப் பச்சையைக் கிழித்துக்கொண்டு அது வந்தது. சலசலப்பே இல்லை. இரண்டு கண், ஒரு மூக்கு முடிச்சு, பின்னால் இரண்டு கோடாக விரிந்துகொண்டே வந்த தண்ணீர். அவ்வளவுதான் தெரிந்தது.

நேராக என்னிடம் வந்தது. கழி எட்டும் தூரத்தில் நின்றது. நின்று, காத்திருந்தது.

பாய்ந்திருந்தால் பயந்து கத்தியிருப்பேன். சோறு போடுகிற வீட்டு வாசலில் நாய் நிற்குமே, அந்த நிற்பு நின்றது. பானையைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. எழுபது வயதுவரை இந்த ஆற்றங்கரையில் இருந்தும் ஒரு முதலையின் கண்ணை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பழுத்த எலுமிச்சை நிறம். நடுவில் ஊசியால் கீறினாற்போல ஒரு கறுப்பு.

"என்னா வேணும் ஒனக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன்.

பக்கவாட்டில் இருந்து கண்ணாடி மாதிரி ஒரு இமை வந்து கண்ணை மூடித் திறந்தது. பிறகு கீழே போய்விட்டது. ஒரு குமிழிகூட வரவில்லை.

கடிதம் போட்ட தங்கச்சிக்கு

இதை இங்கே நிறுத்திவிட்டு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். அடைமழையில் எங்கள் வீட்டுச் சுவர் விழுந்ததையும், அரசாங்க வீடு கட்டி முடியும்வரை நாங்கள் கிழவனும் கிழவியும் பழைய ஓடத்தில் குடியேறியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பெரம்பலூரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "படகில் எப்படிச் சமைத்தீர்கள், எங்கே படுத்தீர்கள், மற்றதற்கெல்லாம் எங்கே போனீர்கள்?"

மற்றதற்கெல்லாம் ஊரில் பொதுக் கழிப்பறை இருக்கிறது, தங்கச்சி. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

படகு நீளமான படகு. பாலம் வருவதற்கு முன்னால் இருபது ஆளையும் இரண்டு மாட்டையும் ஏற்றி அக்கரைக்குப் போனது. மூங்கிலை வளைத்துக் கட்டி, கீற்று வேய்ந்து, மேலே தார்ப்பாய் போட்டதும் அதற்குள்ளே ஒரு வீடு வந்துவிட்டது. நடுவில் படுக்கை. பின்பக்கம் சமையல். கொத்தனார் சிமெண்டு அள்ளுகிற பாண்டில் மணலை நிரப்பி, அதன்மேல் மூன்று கல் வைத்தால் அடுப்பு. முன்பக்கம் இவருடைய வலை, கழி, துடுப்பு.

விடிந்ததும் முதல் வேலை, பலகை இடுக்கில் ஊறிய தண்ணீரை இறைப்பது. எண்ணெய் கேனைப் பாதியாக அறுத்து வைத்திருந்தேன். இருபது முகவை முகந்தால் அன்றைக்குப் படகு நல்ல படகு. நாற்பதுக்குப் போனால் எங்கேயோ ஓட்டை. அதற்கு முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சித் தடவவேண்டும். கையில் பட்டால் தோலை உரித்துவிடும். என் உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

குடிக்கிற தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுவேன். முழங்கை ஆழம் அள்ளினால் கசியும். முதல் தண்ணீர் கலங்கல், அதை இறைத்துவிடவேண்டும். இரண்டாவதில் நம் முகம் தெரியும். மூன்றாவதைக் குடிக்கலாம்.

வேப்பந்தட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் ஸ்டெல்லா தினமும் போனில் அழுவாள். "எம்மா, வூடு முடியுற வரைக்கும் எங்க வூட்ல வந்து இருங்கம்மா. ஊரு என்னா பேசும்?"

ஒரு தடவை போய்ப் பத்து நாள் இருந்தோம். மோட்டார் போட்டால்தான் தண்ணீர். இவர் குளியலறையில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல எப்படிப் புள்ள முங்குறது?" என்று கேட்டார். பதினோராம் நாள் பஸ் ஏறிவிட்டோம்.

கூட இருந்தவர்கள்

படகில் நாங்கள் இரண்டு பேர் என்று ஊர் சொன்னது. எங்கள் கணக்கு வேறு.

காலையில் துணிக்கொடியின் ஓரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். நான் காயப்போட்ட சேலைக்கு அதன் முதுகுக்கு இருக்கிற நீலம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் இருந்து கல் விழுவதுபோல விழும். வரும்போது மூக்கில் மீன் இருக்கும். அதை என் படகுப் பலகையிலேயே அடித்துக் கொன்று தின்னும். அசிங்கத்தைத் துடைப்பது நான்.

ஒருநாள் இட்லிப் பானையைத் திறந்தால் உள்ளே தண்ணிப்பாம்பு சுருட்டிப் படுத்திருந்தது. அதற்கு அந்த வட்டம் பிடித்துப்போய்விட்டது. கரண்டிக் காம்பால் மெதுவாகத் தூக்கி விட்டேன். மறுநாளும் வந்தது. மூடிமேல் கல் வைத்தேன்.

நீர்நாய்கள் ஐந்து. ஒரே குடும்பம். வெயில் ஏறுவதற்கு முன்னால் விசில் அடித்துக்கொண்டே வரும். மனிதன் விசில்தான் என்று முதலில் நினைத்து, "எவன்டா அவன்?" என்று சத்தம் போட்டிருக்கிறேன். இவருடைய வலையில் இருந்து விராலை உருவிக்கொண்டு, மல்லாக்க மிதந்தபடி, இரண்டு கையாலும் பிடித்துத் தலையில் இருந்து தின்னும். தின்றபின் முகம் கழுவும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பிள்ளைகள்கூட அத்தனை சுத்தமாகக் கழுவாது. இவர் திட்டுவார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். மூன்று பிள்ளை பெற்று வளர்த்த எனக்கு, அந்தத் தாய் நீர்நாய் குட்டியைப் பிடரியில் கவ்வி ஆழத்துக்குப் பழக்குவதைப் பார்க்கும்போது அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும்.

இதையெல்லாம் பார்த்தும் முதலையைப் பற்றி நாங்கள் பேசவே மாட்டோம். ஓடக்காரன் வீட்டில் அந்தப் பெயரை எடுப்பதில்லை. 'அது' என்போம். அவ்வளவுதான்.

தட்டுவது எதற்கு

இவருடைய தகப்பனார் காலத்தில் இருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். தண்ணீரில் கால் வைக்கும் முன்னால், பானையை முக்கும் முன்னால், கழியால் படகில் மூன்று முறை தட்டவேண்டும். "அது இருக்குற எடத்துக்கு நாமதான் போறோம். வரோம்னு சொல்லிட்டுப் போவணும். சத்தங் கேட்டா அதுவா ஒதுங்கிக்கும்" என்பார் மாமனார். நான் கல்யாணமாகி வந்த மறுநாளே கழியைக் கையில் கொடுத்தார்கள்.

இவர் தினமும் விடியக்காலையில் படகின் முன்பக்கம் நின்று மூன்று தட்டு தட்டுவார். இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முங்கு. காய்ச்சல் கண்ட நாளில்கூட அது நின்றதில்லை.

மாமியார் வைத்த சட்டம் இன்னொன்று. மீனைப் படகில் அறுக்கக்கூடாது. மணல்மேல் ஏறிப்போய் அறுத்து, குடலையும் செதிலையும் குழிதோண்டிப் புதைக்கவேண்டும். ஐம்பது வருடம் அப்படித்தான் செய்தேன். இந்த வருடம் மாசியில் முட்டி பிடித்துக்கொண்டது. படகுக்கும் கரைக்கும் போட்ட பலகையில் ஏறி இறங்கினால் உயிர் போகும். ஒருநாள்தானே என்று படகின் பின்பக்கமே உட்கார்ந்து அறுத்தேன். மூன்று தட்டு தட்டிவிட்டு, மீனை அலசிவிட்டு, குடலை அப்படியே தண்ணீரில் வீசினேன். இவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குமேல் தினமும் உச்சிப்பொழுதில் தட்டு, அலசல், வீச்சு.

பானை தேய்த்த அன்றைக்குத்தான் உச்சிப்பொழுதில் மீனே இல்லாமல் தட்டினேன். அதனால்தான் அது வந்து காத்து நின்றது.

இது யாரோ சொல்லி வந்த இரவல் அறிவு இல்லை, என் சொந்த அறிவு. சோதித்துப் பார்த்தேன். மறுநாள் அது எதிர்மணலில் வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் பாத்திரத்தை உருட்டினேன், அசையவில்லை. இருமினேன், அசையவில்லை. கழியை எடுத்து மூன்று முறை தட்டினேன். வாய் மூடியது. வயிற்றைத் தூக்கி, நாலு காலில் எழுந்து நடந்து, தண்ணீரில் கரைந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். இங்கேதான் என் புத்தியை எழுதவேண்டியிருக்கிறது. மறைக்க மாட்டேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஊர்க் கூட்டத்தில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தக் கொள்ளிடமே பயப்படுகிற ஒன்று, என் கைத் தட்டலுக்கு எழுந்து வந்தது. மீன்தலையை வீசினால் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வாங்கியது. அதன் முதுகில் மேடு மேடாக இருக்கிற ஓட்டில் பாசி படிந்திருந்தது. ஒருநாள் ஒரு தட்டான் பூச்சி அதன் மூக்கில் உட்கார்ந்தது. அது மூச்சுவிட்டால்தான் தட்டான் அசைந்தது. கோயில் தேரைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையுமே, அப்படி நிறைந்து நான் உட்கார்ந்திருந்தேன். பத்துநாள் அப்படிக் கூப்பிட்டேன்.

இவர் குளிக்கிறாரே என்று நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். இவர் குளிப்பது விடியக்காலை, படகின் முன்பக்கம். அது வருவது உச்சியில், பின்பக்கம். வெயில் ஏறினால்தான் அதற்கு உடம்பு இளகும். எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. "ரெண்டு நாளைக்கி ஆத்துல குளிக்காதீங்க, தண்ணி பச்சையா கெடக்கு" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்.

"பச்சத் தண்ணி என்னா புள்ள பண்ணும்? நானே பழுத்துப்போயி கெடக்குறேன்" என்று சிரித்துவிட்டு, கழியை எடுத்துத் தட்டினார்.

காங்கிரீட் போட்ட நாள்

ஈஸ்டர் கழிந்த வாரம் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டார்கள். அன்றைக்கு வேலையாட்களுக்கு வீட்டுக்காரர்தான் சாப்பாடு போடவேண்டும். கறி எடுக்கலாம் என்றேன். "ஓடக்காரன் வூட்டுச் சோறுன்னா மீன் கொழம்புதான்" என்று இவர் ஒரு அன்னக்கூடை நிறையக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் போட்டுவிட்டு விடியும் முன்னே வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு விடியக்காலையில் குளிக்கவில்லை.

எங்கள் தெரு பிலோமினா ஒத்தாசைக்கு வந்தாள். படகில் ஏறமாட்டாள், கரையிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"ஏன்க்கா, இன்னும் ஒரு வருசம் இதுலயே இருந்தா ஒனக்கும் செதில் மொளச்சிரும்."

"மொளச்சா ஒன்னத்தான் அறுக்கக் கூப்புடுவேன், வாயி மூடிக்கிட்டு உரி."

அறுத்து மஞ்சள் தடவிய மீன் அத்தனையும் கூடையில். புளி கொதித்துக்கொண்டிருந்தது. பொழுது சரியாக உச்சி. முன்பக்கம் மூன்று தட்டு கேட்டது.

திரும்பினேன். இவர் தலை முதல் கால்வரை சிமெண்டுப் பால் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார். எதிர்மணலைப் பார்த்தேன். மணல் காலியாக இருந்தது.

"ஏறுங்க! ஏங்க, ஏறுங்க!"

கலவை மெஷின் பக்கத்தில் அரைநாள் நின்ற காது. அடைத்துப்போயிருந்தது. பிதா என்று முங்கினார்.

மடுவின் நடுவில் அந்த இரண்டு கோடு விரிந்துகொண்டே முன்பக்கம் போனது.

எனக்கு ஓடிப்போகக் கால் இல்லை. கழியும் அவர் பக்கம் இருந்தது. குழம்புக்கரண்டியை எடுத்தேன். பின்பக்கப் பலகையில் மூன்று முறை அடித்தேன். மறுபடி மூன்று. ஒரு கெண்டையை எடுத்து வீசினேன்.

கோடு நின்றது.

அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. அது யோசித்தது. எனக்கு உலகத்தில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இவர் சுதன் என்று இரண்டாவது முங்கில் இருந்தார். நான் அடித்தேன், வீசினேன், அடித்தேன், வீசினேன். "மாதாவே, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்தினேன். மாதாவிடம் சொன்னேனா, அதனிடம் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

தலை திரும்பியது. கோடு வளைந்தது. என்னைப் பார்த்து வந்தது.

பதினாலு ஆளுக்கு அறுத்த மீன் அத்தனையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றாக வாங்கியது. அவசரமே இல்லை அதற்கு.

மூன்றாவது முங்கு முடிந்து இவர் முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்னா புள்ள, மேளம் அடிக்கிற?" என்றவர், என் கை போன திசையைப் பார்த்தார். பிலோமினா கரையில் வெங்காயத்தோடு சிலையாக நின்றாள். இவர் தண்ணீரைக் கலக்காமல், முதுகு காட்டாமல், அடி அடியாகப் பின்னால் வந்து கரை ஏறினார்.

படகுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?" என்றார்.

சொன்னேன். மாசியில் முட்டி பிடித்ததில் இருந்து, பத்துநாள் பெருமைவரை, ஒன்றுவிடாமல் சொன்னேன். கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் கழியை மடியில் போட்டுக்கொண்டு அதன் அடிப்பக்கத்தைத் தடவினார்.

"எங்கப்பன் தட்டுனது ஒதுங்குன்னு சொல்றதுக்கு. நீ வான்னு சொல்லிக் குடுத்திருக்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் என்னை அடித்தே இருக்கலாம்.

வேலையாட்கள் அன்றைக்கு முட்டையும் ரசமும் சாப்பிட்டார்கள். ஓடக்காரன் வீட்டுச் சோறு என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

தட்டாத நாட்கள்

"வனத்துறை ஆபீஸ்ல சொல்லுக்கா, வந்து புடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள் பிலோமினா.

"அது என்னா தப்பு பண்ணுச்சு? கூப்புட்டவ நானு" என்றேன்.

"அப்ப நீ பெத்த புள்ளய நீயே பாத்துக்க."

அன்று சாயங்காலமே இவரும் இரண்டு ஆளும் படகைத் தள்ளி மடுவின் மேல்முனைக்குக் கொண்டுபோனார்கள். தட்டுவதை நிறுத்தினோம். மீனைக் கரையில் அறுத்துப் புதைத்தேன், முட்டி வலித்தால் வலிக்கட்டும் என்று. அது கற்றதை மறக்கவேண்டும். எத்தனை நாளாகும் என்று யாரைக் கேட்பது?

இவர் தண்ணீரில் இறங்குவதும் நின்றது. மணலில் நின்று வாளியில் குளித்தார். ஊற்றில் இருந்து இரண்டு வாளி நான் சுமந்துவந்து வைப்பேன். "நான் எடுத்துக்குறேன்" என்பார். விடமாட்டேன். முங்கிப் பழகியவருக்கு ஊற்றத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் சோப்பு நிற்கும். நான்தான் ஊற்றிவிடுவேன். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை ஆற்றைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார்.

வைகாசியில் ஒரு காலை, அவர் தலையெல்லாம் சோப்பாக நிற்கிறார். நான் சொம்பை முகந்துவிட்டேன். எதிர்மணலில் இருந்து தவளை கத்துவதுபோல ஒரு சத்தம். மழையே இல்லாத மாதத்தில் தவளையா? சத்தம் மணலுக்கு அடியில் இருந்து வந்தது.

தண்ணீரில் இருந்து அது ஏறியது. தினமும் காய்ந்துகிடக்குமே, அதே மேட்டில் நின்று முன்னங்காலால் மணலை வாரியது. நாய் குழி பறிப்பதுபோல இல்லை. புழுக்கிய நெல்லைக் கையால் தள்ளிப் பரப்புவோமே, அப்படி. பிறகு தலையைக் குழிக்குள் விட்டது. நிமிர்ந்தபோது பல்லுக்கு இடையில் ஏதோ துடித்தது. ஒரு சாண் நீளம். வால் ஆடியது.

"அது தாயி, புள்ள" என்றார் இவர்.

அந்த வாய். கெண்டை முள்ளை நொறுக்கிய சத்தத்தை நான் கேட்ட வாய். அந்த வாயில் குஞ்சுகள் கத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தன. அது தண்ணீர் ஓரத்துக்கு நடந்துபோய், வாயைத் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக அலசியது. ஒவ்வொன்றாக நீந்தி வெளியே வந்தன. திரும்ப நடந்தது. திரும்பக் குழி. திரும்பத் தண்ணீர். நானும் இவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம். எப்போது பிடித்தோம் என்று தெரியாது.

சோப்பு வழிந்து இவர் கண்ணுக்குள் போயிருந்தது. ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா? ஊத்தட்டுமா?" என்று அவர் காதோடு கேட்டேன்.

"இரு புள்ள" என்றார். "சத்தம் போடாத. இன்னும் ஒண்ணு கத்துது."